வெளியேறும் செய்தியில்தான் பாடம்

ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலையில், குறித்த தேதிக்குள் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம். அந்த வர்த்தகத்துக்குச் சந்தா கட்டி ஆலோசனை பெறுகிறவர்களில் பலரும் காத்திருப்பது ஒரே ஒரு செய்திக்குத்தான். எந்தப் பங்கு, எந்த ஸ்ட்ரைக் (ஒப்பந்தத்தில் குறித்த விலை), எந்த எக்ஸ்பைரி (ஒப்பந்தம் முடியும் தேதி), என்ன விலை. அலர்ட் வந்த மறு நிமிடம் ஆர்டர் போய்விடும். அந்தச் செய்தியில் கற்றுக்கொள்ள அதிகம் ஒன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. டிரேடுக்குள் நுழைய யாராலும் முடியும். எப்போது வெளியேறுவது, எதை வைத்து அதைத் தீர்மானிப்பது என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது. அதனால் ஒரு சேவையில் பணம் கட்டலாமா என்று பார்க்கும்போது அதன் வெளியேறும் செய்திகளைத்தான் முதலில் தேடிப் படிப்பேன். அதிலும் நஷ்டத்தில் முடிந்த டிரேடுகளுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன்.

இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல, ஆப்ஷனைக் கற்பது ஏன் கடினம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பங்கு வாங்கும்போது கேள்வி ஒன்றுதான்: ஏறுமா, இறங்குமா? ஆப்ஷனில் இன்னும் இரண்டு கேள்விகள் சேர்ந்துகொள்கின்றன. எந்தத் தேதிக்குள்? சந்தை ஏற்கெனவே எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்த்து விலை வைத்திருக்கிறது? இந்த மூன்றாவது கேள்விக்கான எண்ணைத்தான் இம்ப்ளைடு வோலட்டிலிட்டி, சுருக்கமாக ஐவி, என்கிறோம். ஆப்ஷன் விலைக்கான சூத்திரத்தை பிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்டார்கள். ராபர்ட் மெர்டன் அதே ஆண்டில் அதை விரிவாக்கினார். அதே 1973 ஏப்ரல் 26 அன்று சிகாகோவில் ஆப்ஷனுக்கென்றே ஒரு சந்தை திறந்தது. முதலில் 16 பங்குகளில் கால் ஆப்ஷன் (வாங்கும் உரிமை) மட்டும். புட் (விற்கும் உரிமை) வந்தது 1977-இல். சூத்திரத்துக்குள் போகும் எண்கள் ஐந்து. பங்கின் விலை, ஸ்ட்ரைக், மீதமுள்ள நாள், வட்டி ஆகிய நான்கும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. பங்கு இனிமேல் எவ்வளவு ஆடும் என்ற ஐந்தாவது எண் மட்டும் யாருக்கும் தெரியாது. சந்தையில் நடக்கும் பிரீமியத்தை, அதாவது ஆப்ஷனின் விலையை, வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் அந்த ஐந்தாவது எண் கிடைக்கும். அதுதான் ஐவி. ஆப்ஷனில் விற்பதும் வாங்குவதும் உண்மையில் இந்த எண்ணைத்தான்.

இது வெறும் கோட்பாடு இல்லை. ஒரு பங்கு 100-இல் நிற்கிறது, நாளை காலாண்டு முடிவு வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்கு ஏறும் என்று நினைத்து ஒரு மாதம் பாக்கியிருக்கும் 100 ஸ்ட்ரைக் கால் வாங்குகிறீர்கள். முடிவு எப்படி இருக்குமோ என்ற பதற்றத்தில் ஐவி 40 சதவீதத்தில் இருக்கிறது. அந்த ஐவியில் பிரீமியம் சுமார் 4.6. மறுநாள் முடிவு நன்றாகவே வருகிறது, பங்கு 102 ஆகிறது. உங்கள் கணிப்பு சரி. ஆனால் பதற்றம் தீர்ந்துவிட்டதால் ஐவி 20-க்கு இறங்கிவிடுகிறது. இப்போது உங்கள் காலின் மதிப்பு சுமார் 3.5 தான். வட்டியை விட்டுவிட்டு அந்தச் சூத்திரத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். திசை சரியாக இருந்தும் போட்ட பணத்தில் ஏறக்குறைய 25 சதவீதம் போய்விட்டது. இந்த ஒரு கணக்கு புரியாமல் மாதக்கணக்கில் கால் வாங்கித் தோற்றுக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் கெட்டிக்காரத்தனத்தில் குறைந்தவர்கள் இல்லை. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த இடத்தில்தான் ஒரு நல்ல சந்தா சேவைக்குப் பயன் இருக்கிறது. சூத்திரமும் விளக்கமும் புத்தகத்தில் கிடைக்கும். ஆனால் உண்மையான சந்தையில், உண்மையான விலையில், அனுபவமுள்ள ஒருவர் ஒரு டிரேடைப் போட்டு, கவனித்து, முடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு புத்தகத்தில் கிடைக்காது.

நான் சேர்ந்த ஒரு சேவையில் முதல் வாரமே ஒரு சின்னக் கணக்கு கற்றுக்கொண்டேன். இன்றுவரை தினமும் பயன்படுகிறது. ஐவியை 16-ஆல் வகுத்தால், அந்தப் பங்கு ஒரு நாளைக்கு எவ்வளவு சதவீதம் நகரும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். ஐவி 32 என்றால் நாளுக்கு 2 சதவீதம். 16 எங்கிருந்து வந்தது? வருடத்தில் வர்த்தக நாட்கள் சுமார் 252. அதன் வர்க்கமூலம் 16-க்குப் பக்கத்தில் வருகிறது. ஆட்டம் நாட்களின் எண்ணிக்கைப்படி வளராமல் அதன் வர்க்கமூலத்தின்படி வளர்கிறது என்பதுதான் இதன் அடிப்படை. இது பிடிபட்டதும் இன்னொன்றும் தானாகவே பிடிபடும். நான்கு மாத ஆப்ஷன், ஒரு மாத ஆப்ஷனைப் போல நான்கு மடங்கு விலை இருக்காது. ஸ்ட்ரைக் பங்கின் விலையிலேயே இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்குதான் இருக்கும். அப்படியானால் கடைசி மாதத்தில் நாள் ஒவ்வொன்றுக்கும் கரைகிற தொகை அதிகம். விற்கிறவர்கள் ஏன் கடைசி சில வாரங்களையே விரும்புகிறார்கள், வாங்குகிறவர்கள் ஏன் அந்த நாட்களில் வேகமாகத் தேய்கிறார்கள் என்பதற்கெல்லாம் பதில் இந்த வர்க்கமூலத்தில் இருக்கிறது.

சரி, இப்போது அலர்ட்டுக்கு வருவோம்.

சந்தா சேவைகளில் அடிக்கடி வரும் டிரேடு புட் கிரெடிட் ஸ்ப்ரெட். பங்கு 100-இல் இருக்கிறது. 95 ஸ்ட்ரைக் புட்டை விற்று, பாதுகாப்புக்கு 90 ஸ்ட்ரைக் புட்டை வாங்குகிறோம். இரண்டுக்குமான வித்தியாசமாக 1 கைக்கு வருகிறது. எக்ஸ்பைரி அன்று பங்கு 95-க்கு மேலே நின்றால் அந்த 1 நமக்கே. 90-க்குக் கீழே போனால் 5 கொடுக்க வேண்டும்; வாங்கிய 1 போக நஷ்டம் 4. பங்கு ஏறலாம், அப்படியே நிற்கலாம், கொஞ்சம் இறங்கவும் செய்யலாம், எல்லாவற்றிலும் லாபம் என்பதால் பார்க்க அழகாக இருக்கும். பத்தில் எட்டு முறை ஜெயிக்கிற மாதிரி ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தூரமாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்பது முறைகூட ஜெயிக்கலாம். பிரீமியம் குறையும், அவ்வளவுதான்.

என் சித்தப்பா மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, 85 பர்சென்ட் வின் ரேட்டாம், சேரலாமா?" என்று கேட்டிருந்தான். அவனுக்கு நான் எழுதிக் காட்டியது இந்தக் கணக்குதான். 100 டிரேடு. 85-இல் தலா 1 லாபம், 15-இல் தலா 4 நஷ்டம். 85-இலிருந்து 60 போக மீதி 25. பரவாயில்லை. ஆனால் அலர்ட் ஒரே நொடியில் எல்லாச் சந்தாதாரர்களுக்கும் போகிறது. எல்லோரும் ஒரே ஸ்ட்ரைக்கை விற்க ஓடுகிறார்கள். சேவை சொன்ன 1 உனக்குக் கிடைக்காது, 0.85 கிடைக்கும் என்று வை. அப்போது லாபம் தலா 0.85, நஷ்டம் தலா 4.15. 72.25-இலிருந்து 62.25 போக மீதி 10. இன்னும் தரகுக் கட்டணம் கழிக்கவில்லை. இப்போது வெற்றி விகிதம் 85-க்குப் பதில் 82 என்று வைத்துப் பார். 69.7-இலிருந்து 74.7 போனால் 5 நஷ்டம். மூன்றே மூன்று சதவீதம் குறைந்ததில் கணக்கு தலைகீழாகிவிட்டது.

"அப்ப வின் ரேட் பார்த்தே பிரயோஜனம் இல்லையா அண்ணா?" என்றான். தனியாகப் பார்த்தால் பிரயோஜனம் இல்லை என்றேன். ஜெயிக்கும்போது எவ்வளவு, தோற்கும்போது எவ்வளவு என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும். 1-க்கு 4 என்ற ஸ்ப்ரெட்டில் 80 சதவீதம் என்பது சும்மா தண்ணீருக்கு மேலே தலை நிற்கும் அளவு.

சேவைகள் காட்டும் கடந்த கால அட்டவணையைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். மேலே சொன்ன ஸ்ப்ரெட்டில் 4-ஐப் பணயம் வைத்து 1 சம்பாதித்தால் 25 சதவீத லாபம் என்று போடுவார்கள். பொய் இல்லை. ஆனால் உங்கள் மொத்தப் பணத்தில் 2 சதவீதத்தைத்தான் அந்த டிரேடில் வைத்தீர்கள் என்றால் உங்கள் கணக்கு வளர்ந்தது 0.5 சதவீதம். அட்டவணையில் எட்டு இடத்தில் 25 சதவீத லாபம் பச்சையில் இருக்கும், இரண்டு இடத்தில் 100 சதவீத நஷ்டம் சிவப்பில் இருக்கும். கண்ணுக்குப் பச்சைதான் தெரியும். கூட்டிப் பார்த்தால் எட்டு இருபத்தைந்து 200, இரண்டு நூறும் 200. மொத்தம் பூஜ்யம்.

இதைவிட நுட்பமான ஒன்று, ரோல் செய்வதைக் கணக்கில் எழுதும் விதம். தோற்றுக்கொண்டிருக்கும் ஸ்ப்ரெட்டை மூடிவிட்டு, அடுத்த மாத எக்ஸ்பைரியில் அதே மாதிரி இன்னொன்றைத் திறப்பதுதான் ரோல். சில நேரம் அது நியாயமான முடிவு. ஆனால் மூடியதில் வந்த நஷ்டத்தை அட்டவணையில் எழுதாமல், "டிரேடு தொடர்கிறது" என்று வைத்துவிட்டால் வெற்றி விகிதம் சேதமில்லாமல் நிற்கும். மூன்று நான்கு மாதம் ரோல் செய்து கடைசியில் பங்கு திரும்பி வந்தால் ஒரு வெற்றி என்று எழுதிக்கொள்வார்கள். வராவிட்டால் ஒரே ஒரு தோல்வி. அதன் அளவு எவ்வளவு என்பது பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும். மூடிய ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக, கிடைத்த விலையோடு எழுதும் சேவையை நான் நம்புவேன். ஒருவர் ரோல் செய்வதை எப்படி எழுதுகிறார் என்பதை வைத்தே அவருடைய நேர்மையை எடைபோடலாம் என்பது என் அனுபவம்.

இப்போது அந்த வெளியேறும் செய்தி. நான் கற்றுக்கொண்டவற்றில் பாதி ஒரே ஒரு செய்தியில் கிடைத்தது என்றால் மிகையில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிரேடு நான் மேலே சொன்ன அதே வடிவம்தான். பங்கு 100, 95 புட் விற்று 90 புட் வாங்கி, கைக்கு 1. நுழையும்போது சேவையை நடத்துகிறவர் எழுதிய காரணம் இரண்டே வரி: "ஐவி 32. கடந்த சில மாதங்களாக இந்தப் பங்கு உண்மையில் ஆடியது 20 அளவுக்குத்தான். இந்த இடைவெளியைத்தான் விற்கிறோம்." பங்கு ஏறும் என்று அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நாளுக்கு 2 சதவீதம் ஆடும் என்று சந்தை விலை வைத்திருக்கிறது, உண்மையில் 1.25 தான் ஆடுகிறது, அதனால் விற்கிறோம் என்பதுதான் வாதம்.

ஒரு வாரத்துக்கு மேல் அமைதி. அப்புறம் பங்கு ஆட ஆரம்பித்தது. ஒரு நாள் 3 சதவீதம் மேலே, மறுநாள் 3 சதவீதம் கீழே, அதற்கடுத்த நாளும் அப்படியே. செய்தி எதுவும் வரவில்லை. பங்கின் விலையும் பெரிதாக இறங்கிவிடவில்லை, 98-இல் நின்றது. விற்ற ஸ்ட்ரைக் 95. இன்னும் 3 இடம் இருக்கிறது. சந்தாதாரர்கள் யாருக்கும் கவலை இல்லை. அன்றைக்கு வந்த செய்தி: "1.5 கொடுத்து ஸ்ப்ரெட்டை மூடுங்கள். நஷ்டம் 0.5. 20 அளவுக்கு ஆடும் என்று நம்பி 32-ஐ விற்றோம். இந்த வாரம் பங்கு ஆடுவது 48 அளவுக்கு. காரணம் தெரியவில்லை. நாம் உள்ளே வந்ததற்கான காரணம் இப்போது இல்லை. ஸ்ட்ரைக்கைத் தொடும்வரை காத்திருப்பது இந்த டிரேடின் திட்டத்தில் இல்லை."

அடுத்த வாரமே பங்கு அமைதியானது. எக்ஸ்பைரி அன்று 101-இல் முடிந்தது. சும்மா இருந்திருந்தால் அந்த 1 முழுதாகக் கிடைத்திருக்கும். வாராந்திரக் கேள்வி-பதில் அமர்வில் பலரும் கொதித்துப்போனார்கள். பயந்து ஓடிவிட்டீர்கள், ஜெயிக்கிற டிரேடைக் கெடுத்துவிட்டீர்கள் என்று ஒரே புகார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு இதே நிலைமை திரும்ப வந்தால் திரும்பவும் மூடுவேன். பங்கு 101-இல் முடியும் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்தது, நான் விற்ற விலை குறைந்த விலையாகிவிட்டது என்பது மட்டும்."

அந்தப் பதிலை நான் அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன். விளைவை வைத்து முடிவெடுத்த விதத்தை எடைபோடக் கூடாது என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒருவர் 0.5 நஷ்டத்தோடும் ஒரு அறை நிறையக் கோபத்தோடும் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லும்போது அதன் எடையே வேறு. அதோடு, ஸ்டாப் லாஸ் (நஷ்டம் பெருகாமல் வெளியேறும் இடம்) என்பது ஒரு விலைக்கோடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே வந்த காரணத்துக்கும் ஒரு ஸ்டாப் லாஸ் உண்டு, விலை அசையாதபோதும் அது அடிபடலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த மாதிரிச் செய்தி எழுதும் சேவைகள் குறைவு. பெரும்பாலும் வருவது "ஸ்ப்ரெட்டை 1.5-க்கு மூடவும்" என்ற ஒற்றை வரி. அது கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் விடை மாதிரி. விடை சரியாகவே இருக்கலாம். வழி தெரியாமல் அடுத்த கணக்கைப் போட முடியாது.

சேவை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு விஷயத்தை அதனிடம் எதிர்பார்க்கவே கூடாது: எவ்வளவு பணம் போடலாம் என்பதை. இதற்குச் சட்டப் பின்னணியும் உண்டு. அமெரிக்காவில் 1985-இல் லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தனிப்பட்ட ஒருவரின் நிலைமைக்கென்று இல்லாமல் எல்லோருக்கும் பொதுவாக ஆலோசனை எழுதி விற்கும் நேர்மையான இதழ்கள், 1940-ஆம் ஆண்டின் முதலீட்டு ஆலோசகர் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியதில்லை. இந்தியாவில் வழி வேறு. பரிந்துரை எழுதுகிறவர்கள் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிமுறைகளின்படி பதிவு பெற வேண்டும், அந்தப் பதிவு எண்ணை நாமே சரிபார்க்கலாம். எந்த நாடாக இருந்தாலும் சரி, ஆயிரம் பேருக்கு ஒரே செய்தி அனுப்புகிறவருக்கு உங்கள் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, எவ்வளவு இழந்தால் உங்களுக்குத் தூக்கம் போகும் என்பதெல்லாம் தெரியாது. தெரிய வழியும் இல்லை. அளவு முழுக்க முழுக்க உங்கள் வேலை.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், 80 சதவீதம் ஜெயிக்கிற முறையிலும் தோல்விகள் வரிசையாக வரும். 100 டிரேடில் எங்காவது ஓரிடத்தில் மூன்று தோல்வி தொடர்ந்து வருவதற்கு ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஒவ்வொன்றிலும் மொத்தப் பணத்தில் 10 சதவீதத்தைப் பணயம் வைத்திருந்தால் அந்த மூன்றில் 27 சதவீதம் காலி. 2 சதவீதம் வைத்திருந்தால் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இதுகூட டிரேடுகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துப் போட்ட கணக்கு. ஐந்து வெவ்வேறு பங்குகளில் புட் விற்றிருந்தாலும் சந்தை விழும் நாளில் ஐந்தும் சேர்ந்தே விழும். அன்றைக்கு உங்களிடம் இருப்பது ஐந்து டிரேடு இல்லை, ஒரே பெரிய டிரேடு.

அப்படிப்பட்ட நாட்கள் கதை இல்லை. 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. அதற்குப் பிறகுதான் குறியீட்டு ஆப்ஷன்களில் கீழ் ஸ்ட்ரைக் புட்டுகளின் ஐவி மற்றவற்றைவிட உயர்ந்தே நிற்கும் வழக்கம் நிலைத்தது. தூரத்து புட்டில் கொழுத்த பிரீமியம் கிடைக்கிறதே, சும்மா கிடக்கும் பணமாயிற்றே என்று தோன்றும்போதெல்லாம் அந்தத் தேதியை நினைத்துக்கொள்வேன். அந்த விலைக்குள் அந்த நாள் இருக்கிறது. 2018 பிப்ரவரி 5 இன்னும் அண்மையில். அமெரிக்கச் சந்தை எவ்வளவு ஆடும் என்ற எதிர்பார்ப்பைக் காட்டும் விக்ஸ் குறியீடு ஒரே நாளில் 17 அளவிலிருந்து 37 அளவுக்குப் பாய்ந்தது. ஆட்டம் குறையும் என்று பந்தயம் கட்டிய ஒரு பிரபலமான முதலீட்டுத் திட்டம் 90 சதவீதத்துக்கும் மேல் மதிப்பை இழந்து மூடப்பட்டது. அதற்கு முன்னால் அதன் வளர்ச்சிக் கோடு எவ்வளவு நேராக, எவ்வளவு அழகாக ஏறிக்கொண்டிருந்தது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு சேவையின் அட்டவணை அப்படி ஒரு நாளைச் சந்தித்திருக்கிறதா, சந்தித்த அன்று சந்தாதாரர்களுக்கு என்ன எழுதினார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

பொதுவான நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன்) பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த நினைக்கவில்லை. ஆனால் சந்தா கட்டுவது தானாகவே நம்மை மீதி 7 சதவீதத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

அப்படியானால் சந்தாவை எப்படிப் பயன்படுத்துவது? நான் செய்வதைச் சொல்கிறேன். அலர்ட் வந்ததும் அதோடு வரும் விளக்கத்தைத் திறக்க மாட்டேன். ஸ்ட்ரைக், எக்ஸ்பைரி, விலை இவற்றை மட்டும் பார்த்து, இவர் எதை விற்கிறார், எதை வாங்குகிறார், ஐவி குறையும் என்கிறாரா கூடும் என்கிறாரா, அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்று நானே எழுதுவேன். கடைசியாக ஒரு வரி: எது நடந்தால் இந்த டிரேடு தப்பு? அதன் பிறகுதான் விளக்கத்தைப் படிப்பேன். அந்தக் கடைசி வரி ஆரம்பத்தில் எனக்கு எப்போதும் ஒரு விலையாகவே இருந்தது: "95-க்குக் கீழே போனால்." போகப்போகத்தான் "இந்த வாரம் நாளுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஆடினால்", "முடிவு வந்த பிறகும் ஐவி இறங்காவிட்டால்" என்றெல்லாம் எழுத வந்தது.

புதிய வகை ஸ்ப்ரெட் எதுவானாலும் முதலில் பேப்பர் டிரேடிங்தான், அதாவது பணம் போடாமல் எழுதி மட்டும் பார்ப்பது. அதிலும் சேவை சொன்ன விலையை எழுத மாட்டேன். அந்த நேரத்தில் திரையில் தெரிந்த பிட் (வாங்குகிறவர் தரும் விலை), ஆஸ்க் (விற்கிறவர் கேட்கும் விலை) இரண்டையும் எழுதி, எனக்குச் சாதகமில்லாத பக்கத்தையே கணக்கில் எடுப்பேன். நான்கு ஆப்ஷன்களைச் சேர்த்துப் போடும் அயர்ன் காண்டாரில் இது பெரிய வித்தியாசம் காட்டும். ஒவ்வொரு ஆப்ஷனிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என்று எதிர்பார்த்த லாபத்தில் பெரும் பகுதியை பிட்-ஆஸ்க் இடைவெளியே தின்றுவிடும். உண்மையான ஆர்டர் என்றால் எப்போதும் லிமிட் ஆர்டர். சொன்ன விலை கிடைக்காவிட்டால் அந்த டிரேடு எனக்கு இல்லை. தவறவிட்டுவிட்டோமே என்ற தவிப்பில் விலையைத் துரத்துகிறவர்கள், சேவையின் அட்டவணையில் இல்லாத வேறொரு டிரேடைத்தான் போடுகிறார்கள்.

சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைக் கேட்பேன்: போன வருடம் நஷ்டத்தில் முடித்த டிரேடுகளுக்கு நீங்கள் அனுப்பிய செய்திகளை, அனுப்பியபடியே காட்ட முடியுமா? தருகிறவர்கள் தருவார்கள். தராமல் வெற்றி அட்டவணையைத் திரும்ப அனுப்புகிறவர்களிடம் மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றும் இல்லை. தந்தவற்றைப் படிக்கும்போது நான் பார்ப்பது, உள்ளே வந்த காரணத்தை மீண்டும் எடுத்துச் சொல்லி, அது எங்கே உடைந்தது என்று காட்டியிருக்கிறார்களா என்பதை. "சந்தை எதிர்பாராத விதமாக நகர்ந்தது" என்று மட்டும் இருந்தால் அதில் படிக்க ஒன்றும் இல்லை. சந்தை எப்போதும் அப்படித்தான் நகரும்.

எப்போது நிறுத்துவது என்றும் கேட்கிறார்கள். வெளியேறும் செய்தி வருவதற்கு முன்னாலேயே அதை நானே எழுதிவிட முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். அந்தச் சேவையின் கிரெடிட் ஸ்ப்ரெட் செய்திகளில் நான் நோட்டில் எழுதுவதும் அவர் அனுப்புவதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கத் தொடங்கியதும் அலர்ட் திட்டத்தை நிறுத்திவிட்டேன். கேள்வி-பதில் அமர்வு மட்டும் உள்ள சிறிய சந்தாவை வைத்திருக்கிறேன். ஒரே ஸ்ட்ரைக்கில் கிட்டத்து எக்ஸ்பைரியை விற்று, தூரத்து எக்ஸ்பைரியை வாங்கும் காலண்டர் ஸ்ப்ரெட் எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவில்லை. கிட்டத்து எக்ஸ்பைரியின் ஐவி ஏறி, தூரத்து எக்ஸ்பைரியின் ஐவி அப்படியே நிற்கும்போது இரண்டு ஆப்ஷனையும் சேர்த்து மூடுவதா, கிட்டத்து ஆப்ஷனை மட்டும் மூடிவிட்டுக் காத்திருப்பதா என்பதில் அவருடைய பழைய செய்திகள் சிலவற்றில் ஒரு முடிவு, வேறு சிலவற்றில் வேறு முடிவு. இரண்டு வகையையும் தேதிவாரியாக எடுத்து, அந்தந்த நாளின் ஐவி எண்களைப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த அமர்வில் அவரிடம் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.